பியூரின்கள் ரத்தக் குழாயைத் தளர்த்துவது எப்படி, அதில் எண்டோதீலியத்தின் பங்கு என்ன: தமனி வளையத்தில் சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

எலியின் பெருந்தமனியை வளையமாக வெட்டி, ஆர்கன் பாத் என்னும், திசுவை உயிரோடு வைத்துச் சோதிக்கும் தொட்டியில் தொங்கவிட்டு, பியூரின் சேர்மங்களுக்கு (இங்கே அடினோசினும் அதன் பாஸ்பேட்டுகளும்) அது எப்படித் தளர்கிறது என்று பார்க்கும் சோதனை இது. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்களில் முக்கால்வாசி, பியூரினைத் தொட்டியில் விடுவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. அதனால் தயாரிப்புப் பகுதி நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

பெயர் விஷயம் ஒன்றை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். அடினோசின் ட்ரைபாஸ்பேட், அடினோசின் டைபாஸ்பேட் இரண்டின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் ‘ஏடிபி’ என்றே வரும். காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இங்கே ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட், மோனோபாஸ்பேட் என்றே எழுதுகிறேன். உங்கள் குழாய்களின் லேபிளிலும் முழுப்பெயரை எழுதுங்கள். ஒருவர் கேட்க, இன்னொருவர் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இந்த இரண்டும் மாறிப்போனதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

1. எந்தப் பாதையைச் சோதிக்கிறீர்கள் என்று எழுதிவையுங்கள்

பியூரின்கள் ரத்தக் குழாயைத் தளர்த்த ஒரே வழி என்று எதுவும் இல்லை. குறைந்தது இரண்டு இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரிக்காமல் தொடங்கினால் கடைசியில் வரும் வரைபடத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

முதல் பாதை எண்டோதீலியம் வழியாகப் போவது. எண்டோதீலியம் என்பது குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்கள். ட்ரைபாஸ்பேட்டும் டைபாஸ்பேட்டும் அந்தச் செல்களின் பி2ஒய் வகை ஏற்பிகளில் (வெளிப்பொருள் வந்து ஒட்டினால் செல்லுக்குள் சேதி சொல்லும் புரதங்கள்) அமர்கின்றன. டைபாஸ்பேட்டுக்கு முக்கியமானது பி2ஒய்1, ட்ரைபாஸ்பேட்டுக்கு பி2ஒய்2. செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது, நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி வேலையைத் தொடங்குகிறது. அந்த நைட்ரிக் ஆக்சைடு பக்கத்திலிருக்கும் மென்தசைக்கு, அதாவது குழாய்ச் சுவரின் தசைக்குப் பரவி, தளரச் சொல்லும் சமிக்ஞை மூலக்கூறான சைக்ளிக் ஜிஎம்பியை அங்கே கூட்டுகிறது. தசை தளர்கிறது.

இரண்டாவது பாதை தசையை நேராகத் தொடுவது. அடினோசின், மென்தசையிலேயே உள்ள ஏ2ஏ, ஏ2பி ஏற்பிகள் வழியாக, அதே போன்ற இன்னொரு சமிக்ஞை மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டித் தளர்த்துகிறது. எண்டோதீலியம் இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஆனால் அடினோசினுக்கு எண்டோதீலியத்திலும் ஏற்பிகள் உண்டு. அதனால் ‘அடினோசின் என்றால் தசை மட்டும்’ என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் இருக்கிறது. ட்ரைபாஸ்பேட் மென்தசையின் பி2எக்ஸ்1 ஏற்பியில் பட்டால் தசை சுருங்கும். ரத்த ஓட்டம் உரசும்போதும் ஆக்சிஜன் குறையும்போதும் உட்புறத்தில் வெளியாகும் ட்ரைபாஸ்பேட் எண்டோதீலியத்தைத் தொட்டுத் தளர்த்துகிறது. வெளிப்புறத்தில் பரிவு நரம்புகள் விடும் அதே ட்ரைபாஸ்பேட் தசையைத் தொட்டுச் சுருக்குகிறது. உடலுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. தொட்டியிலோ வளையம் முழுதாக மூழ்கியிருக்கிறது. மருந்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படும். நீங்கள் பதிவு செய்வது இந்த இரண்டின் நிகர விளைவு.

2. வேண்டியவை

விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. அப்புறம் 10 மில்லிலிட்டர் தொட்டிகள் குறைந்தது நான்கு, விசையை அளக்கும் டிரான்ஸ்டியூசர்கள், 37 டிகிரி செல்சியஸில் நிற்கும் நீர்ச்சுற்று, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த கார்போஜன் வாயு.

நான்கு தொட்டி ஏன்? எண்டோதீலியம் உள்ளது, நீக்கியது, தடுப்பான் போட்டது, எதுவும் போடாமல் நேரம் மட்டும் ஓடுவது. நான்காவதைத்தான் எல்லோரும் மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். அது இல்லாவிட்டால் மருந்தால் தளர்ந்ததா, தானாகச் சோர்ந்து இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

டிரான்ஸ்டியூசர்களைத் தெரிந்த எடையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

3. கிரெப்ஸ் கரைசல்: கால்சியம் கடைசியில்

வளையம் மூழ்கியிருக்கப்போகும் உப்புக் கரைசல் இது. ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16 கிராம், மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 0.29 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.1 கிராம், குளுகோஸ் 2 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.37 கிராம்.

கால்சியத்தைத் தவிர எல்லாவற்றையும் கரைத்து, 15 முதல் 20 நிமிடம் கார்போஜன் ஊதுங்கள். பிஹெச் 7.4 அருகே வந்த பிறகு, தனியாகக் கரைத்து வைத்த கால்சியத்தை மெதுவாகச் சேர்க்கவும். ஊதுவதற்கு முன் பைகார்பனேட் கரைசல் காரத்தன்மையோடு இருக்கும். அப்போது கால்சியத்தைப் போட்டால் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் படிந்து கரைசல் பால் போல மங்கும்.

மங்கிய கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. படிந்துபோன கால்சியம் இனி கரைசலில் இல்லை. சுருக்கத்துக்கும் கால்சியம் வேண்டும், நைட்ரிக் ஆக்சைடு உற்பத்திக்கும் வேண்டும். கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள்.

4. பியூரின் கரைசல்களை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்

ட்ரைபாஸ்பேட்டின் டைசோடியம் உப்பு தண்ணீரில் கரைந்தால் நல்ல அமிலம். நடுநிலையாக்காமல் உயர்ந்த செறிவில் தொட்டியில் விட்டால் அமிலமே குழாயைக் கொஞ்சம் தளர்த்திவிடும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விட்டு பிஹெச் 7 அருகே கொண்டுவாருங்கள். அப்புறம் ஐஸில் வையுங்கள்.

உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைத்த ட்ரைபாஸ்பேட்டை நம்பாதீர்கள். அது சிறுகச் சிறுக டைபாஸ்பேட்டாக மாறுகிறது. டைபாஸ்பேட்டுக்குத் தனி ஏற்பி இருப்பதால், பழைய கரைசல் ‘வலுக்குறைந்த ட்ரைபாஸ்பேட்’ அல்ல, வேறொரு மருந்தின் கலவை. சேமிக்கத்தான் வேண்டும் என்றால் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை பயன்படுத்துங்கள்.

அடினோசின் குளிர்ந்த நீரில் சோம்பலாகத்தான் கரையும். லேசாகச் சூடாக்கினால் 10 மில்லிமோலார் எளிதாகக் கிடைக்கும். ஐஸில் வைத்த பிறகு அடியில் படிகம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

5. தமனியை எடுப்பதும் வெட்டுவதும்

மார்புப் பகுதிப் பெருந்தமனியை எடுத்தவுடன், கார்போஜன் ஊதிய குளிர்ந்த கிரெப்ஸ் கரைசலில் போடுங்கள். மெழுகு அல்லது சிலிக்கோன் தட்டில் முனைகளைக் குத்தி, சுற்றியிருக்கும் கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் சிறு கத்தரியால் நீக்கவும். கொழுப்பை விட்டுவைத்தால் அது மருந்து உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். போதாததற்குக் குழாயைத் தளர்த்தும் பொருட்களைத் தானும் வெளிவிடும்.

இடுக்கியால் எப்போதும் வெளிப்புறத் திசுவை மட்டும் பிடியுங்கள். குழாயின் துவாரத்துக்குள் இடுக்கியின் ஒரு முனையை விட்டுப் பிடிப்பது வசதிதான். அந்த ஒரு பிடியிலேயே எண்டோதீலியம் உரிந்துவிடும். இழுப்பது, உலரவிடுவது, உள்ளே காற்றுக்குமிழி ஓடவிடுவது மூன்றும் அதே சேதத்தைச் செய்யும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் சொரண்டாமல் கரைசலை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள்.

3 மில்லிமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக வெட்டவும். சாய்வாக வெட்டினால் இழுவிசை வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழும்.

6. எண்டோதீலியத்தை நீக்குவது

பாதி வளையங்களில் எண்டோதீலியத்தை வேண்டுமென்றே நீக்க வேண்டும். வளையத்தை ஈரமான வடிதாளில் வைத்து, சொரசொரப்பான இடுக்கி முனையைத் துவாரத்துக்குள் விட்டு மெதுவாக உருட்டுங்கள். நான் பத்து, பதினைந்து சுற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

இங்கே இரண்டு வகை ஆட்கள் உண்டு. பயந்து தடவுபவர், பழிவாங்குவது போலத் தேய்ப்பவர். முதலாமவரின் வளையத்தில் பாதி எண்டோதீலியம் மிஞ்சும். இரண்டாமவரின் வளையத்தில் தசையே நசுங்கியிருக்கும். அது எதற்கும் தளராது, அவர் அதை ‘எண்டோதீலியம் தேவை என்பதற்கான ஆதாரம்’ என்று எழுதிவிடுவார். இந்தத் தவறைப் பிடிக்கும் வழி 9-ஆம் படியில் வருகிறது.

7. மாட்டிவிட்டுக் காத்திருங்கள்

இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக, உட்சுவரை உரசாமல் நுழைத்துவிடுங்கள். கீழ்க்கொக்கி நிலையாக, மேல்கொக்கி டிரான்ஸ்டியூசரில். எலியின் பெருந்தமனிக்கு ஓய்வு இழுவிசை 2 கிராம் பொருத்தமானது. வேறு தமனி என்றால் இந்த எண்ணைக் கடன் வாங்காமல், எந்த இழுவிசையில் சுருக்கம் அதிகபட்சமாக வருகிறது என்று நீங்களே படிப்படியாக ஏற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

60 முதல் 90 நிமிடம் காத்திருக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, இழுவிசை இறங்கியிருந்தால் 2 கிராமுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். வெட்டுப்பட்ட திசுவிலிருந்து ட்ரைபாஸ்பேட்டும் அடினோசினும் கசிந்துகொண்டிருக்கும். கழுவாமல் விட்டால் நீங்கள் சோதிக்கப்போகும் ஏற்பிகள் அதற்குள் பழகி மந்தமாகிவிடும்.

8. பொட்டாசியம் சோதனை

60 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கொடுத்து, சுருக்கம் உச்சத்தில் நிலைத்ததும் கழுவுங்கள். இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவது சுருக்கம் முதலாவதோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் தசை நலமாக இருக்கிறது. எண்டோதீலியம் நீக்கிய வளையம் இங்கே, எண்டோதீலியம் உள்ள வளையத்தின் பாதி அளவுகூடச் சுருங்கவில்லை என்றால் தேய்த்ததில் தசை போய்விட்டது. எடுத்து வெளியே போடுங்கள்.

9. எண்டோதீலியம் இருக்கிறதா?

ஃபீனைலெஃப்ரின் கொடுத்து வளையத்தைச் சுருக்குங்கள். உச்ச அளவுக்குப் போகாமல், உச்சத்தின் 70 முதல் 80 சதவீதம் வரை. எலியில் இது பெரும்பாலும் 0.1 முதல் 1 மைக்ரோமோலாருக்குள் கிடைக்கும். முழு உச்சத்தில் இறுக்கிவிட்டால் பலவீனமான தளர்த்திகளின் விளைவு தெரியாமலே போய்விடும்.

சுருக்கம் சமநிலைக்கு வந்ததும் 1 மைக்ரோமோலார் அசெட்டைல்கோலின். இது எண்டோதீலியம் இருந்தால்தான் இந்தத் தமனியைத் தளர்த்தும். எண்டோதீலியம் உள்ள வளையம் 80 சதவீதத்துக்கு மேல் தளர வேண்டும். நீக்கியது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இடையில் நிற்கும் வளையம் எந்தக் குழுவிலும் சேராது. ‘40 சதவீதம்தான், ஆனாலும் வைத்துக்கொள்வோம்’ என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்.

நீக்கிய வளையத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: தளரும் திறனே இருக்கிறதா? சோடியம் நைட்ரோபுருசைடு நைட்ரிக் ஆக்சைடைத் தானே தருவதால் எண்டோதீலியத்தின் தயவு அதற்குத் தேவையில்லை. அதற்கு அந்த வளையம் முழுதாகத் தளர வேண்டும். அசெட்டைல்கோலினுக்கும் தளராமல், நைட்ரோபுருசைடுக்கும் தளராத வளையம் 6-ஆம் படியில் சொன்ன நசுங்கிய வளையம். இந்தச் சோதனையைப் பியூரின் வரைவு (செறிவை ஏற்ற ஏற்ற எவ்வளவு தளர்கிறது என்று எடுக்கும் வரைபடம்) முடிந்த பிறகு, கடைசியில் செய்யுங்கள். முன்னாலேயே செய்தால் அதன் எச்சம் பின்வரும் வரைவைப் பாதிக்கலாம்.

10. சுருக்க அளவைச் சமமாக்கிவிட்டுப் பியூரினைச் சேருங்கள்

எண்டோதீலியம் சும்மா இருக்கும்போதுகூடக் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதை நீக்கிய வளையம் அதே அளவு ஃபீனைலெஃப்ரினுக்கு இன்னும் கடுமையாகச் சுருங்கும். கடுமையாகச் சுருங்கிய தசையைத் தளர்த்துவதும் கடினம். எனவே நீக்கிய வளையத்துக்கு ஃபீனைலெஃப்ரின் செறிவைக் குறைத்து, இரண்டு வளையங்களின் சுருக்கமும் ஒரே அளவில் நிற்கும்படி செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்ட பல வரைபடங்கள் எண்டோதீலியத்தின் பங்கை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டுகின்றன.

சுருக்கம் இல்லாத வளையத்தில் ட்ரைபாஸ்பேட்டை விட்டால் என்ன ஆகும்? சட்டென்று ஒரு சிறு சுருக்கம் வந்து போகும். தளர்வு தெரிய வேண்டுமென்றால் முதலில் இறுக்கம் இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘என் மருந்து தலைகீழாக வேலை செய்கிறது’ என்று ஓடிவந்தவர்கள் உண்டு.

10 நானோமோலாரில் தொடங்கி, அரை லாக் படிகளாக ஏற்றுங்கள்: 10, 30, 100, 300 என்று. ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் இரண்டையும் 100 மைக்ரோமோலார் வரை, அடினோசினை 1 மில்லிமோலார் வரை கொண்டுபோகலாம். ட்ரைபாஸ்பேட் மில்லிமோலார் அளவைத் தொட்டால் கரைசலின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் தளர்வை ஏற்பியின் கணக்கில் எழுதாதீர்கள்.

முன் விட்டதைக் கழுவாமல் மேலும் மேலும் விடும் கூட்டுச்சேர்ப்புக் கணக்கில்தான் பிப்பெட் பிடித்த கை தடுமாறும். 10 மில்லிலிட்டர் தொட்டியில் 1 மில்லிமோலார் கரைசல் 10 மைக்ரோலிட்டர் விட்டால் 1 மைக்ரோமோலார். அடுத்த படி 3 மைக்ரோமோலார் என்றால் 30 மைக்ரோலிட்டர் விடக் கூடாது. ஏற்கெனவே 1 உள்ளே இருக்கிறது, 20 போதும். அதற்கடுத்து 10 மைக்ரோமோலாருக்கு, பத்து மடங்கு வலுவான கரைசலில் 7 மைக்ரோலிட்டர். சோதனைக்கு முன் இந்த அட்டவணையை எழுதித் தொட்டிக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நடுவில் மனக்கணக்கு வேண்டாம்.

ட்ரைபாஸ்பேட்டின் தளர்வு வேகமாக வந்து உச்சம் தொட்டு மெல்லத் திரும்பும். அடினோசின் மெதுவாக இறங்கி அங்கேயே நிற்கும். உச்சத்தை அளக்கிறீர்களா, நிலைத்த அளவையா என்று முன்பே தீர்மானித்து, எல்லா வளையங்களுக்கும் அதையே பின்பற்றுங்கள்.

பி2 ஏற்பிகள் (மேலே சொன்ன பி2ஒய், பி2எக்ஸ் வகைகள்) சீக்கிரம் மந்தமாகும். ஒரு வளையத்தில் ஒரு ட்ரைபாஸ்பேட் வரைவு போதும் என்பது என் கருத்து. இரண்டு எடுத்தே தீர வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேரம் கழுவி, தடுப்பான் இல்லாத வளையத்திலும் இரண்டு வரைவு எடுத்து, இரண்டாவது தானாகவே எவ்வளவு குறைகிறது என்று காட்டுங்கள்.

11. எண்டோதீலியம் எதை அனுப்பியது?

நீக்கிய வளையத்தில் தளர்வு மறைந்தால் ‘எண்டோதீலியம் தேவை’ என்று மட்டுமே தெரியும். எந்தப் பொருள் வழியாக என்பதற்குத் தடுப்பான்கள் வேண்டும். 100 மைக்ரோமோலார் எல்-நேம், 30 நிமிடம்: நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி நிற்கும். 10 மைக்ரோமோலார் இண்டோமெத்தசின்: எண்டோதீலியம் விடும் இன்னொரு தளர்த்தியான புரோஸ்டாசைக்ளின் நிற்கும். 10 மைக்ரோமோலார் ஓடிகியூ: நைட்ரிக் ஆக்சைடு வந்தாலும் சைக்ளிக் ஜிஎம்பி உருவாகாது.

எல்-நேம் போட்டதும் ஃபீனைலெஃப்ரின் சுருக்கம் எகிறும். 10-ஆம் படியில் சொன்ன சமப்படுத்தல் இங்கேயும் வேண்டும்.

எல்-நேம், இண்டோமெத்தசின் இரண்டும் போட்ட பிறகும் தளர்வு மிஞ்சினால், எண்டோதீலியத்திலிருந்து மின்னழுத்த மாற்றமாகத் தசைக்குப் போகும் பாதையைச் சந்தேகிக்கலாம். பெருந்தமனியில் இதன் பங்கு சிறியது. குடல் பகுதியின் சிறு தமனிகளில் பெரியது. 30 மில்லிமோலார் பொட்டாசியத்தில் சுருக்கிய வளையத்தில் இந்த மிச்சம் காணாமல் போகும், ஏனென்றால் பொட்டாசியம் வெளியேறும் உந்துதலே அங்கே குறைந்துவிடுகிறது.

12. தளர்த்தியது ட்ரைபாஸ்பேட்டா, அதன் மிச்சமா?

இதுதான் பியூரின்களுக்கே உரிய சிக்கல். குழாய்ச் சுவரில் இருக்கும் சிடி39 நொதி ட்ரைபாஸ்பேட்டையும் டைபாஸ்பேட்டையும் மோனோபாஸ்பேட் வரை வெட்டும். சிடி73 அதை அடினோசினாக்கும். நீங்கள் விட்டது ஒன்று. இரண்டு நிமிடத்தில் தசையைத் தொடுவது வேறொன்று. போதாததற்கு இந்த நொதிகள் எண்டோதீலியத்தில் நிறைய இருக்கின்றன. எண்டோதீலியத்தை நீக்கும்போது ஏற்பிகளோடு வெட்டும் கத்தியையும் சேர்த்தே நீக்கிவிடுகிறீர்கள்.

மூன்று பக்கமிருந்து வளைத்துப் பிடிக்கலாம். ஒன்று, அடினோசின் ஏற்பிகளை 8-சல்ஃபோஃபீனைல்தியோஃபிலின் கொண்டு மூடுவது. சாதாரண தியோஃபிலின் கூடாதா? அதுவும் ஒரு பியூரின்தான். செல்லுக்குள் போய், சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைத் தடுத்து, தானே குழாயைத் தளர்த்தும். சல்ஃபோ வகை செல்லுக்குள் எளிதில் நுழையாது. இரண்டு, சிடி73 நொதியை ஆல்ஃபா,பீட்டா-மெத்திலீன் டைபாஸ்பேட் கொண்டு நிறுத்துவது. மூன்று, எளிதில் வெட்டுப்படாத வகைகளைச் சோதிப்பது: டைபாஸ்பேட்டுக்குப் பதில் அதன் பீட்டா-தயோ வடிவம்.

பியூரினே அல்லாத யூரிடின் ட்ரைபாஸ்பேட்டையும் ஒரு வளையத்தில் ஓட்டிப்பாருங்கள். அது பி2ஒய்2 ஏற்பியைத் தூண்டும், ஆனால் எப்படி வெட்டினாலும் அடினோசின் வராது. எண்டோதீலியம் உள்ள வளையம் அதற்குத் தளர்ந்து, நீக்கிய வளையம் சுருங்கினால், ஒரே ஏற்பிக் குடும்பம் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

அடினோசின் வரைவில் இன்னொரு பொறி. எண்டோதீலியம் அடினோசினை வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நீக்கியதும் அடினோசின் விளைவு சில தமனிகளில் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யலாம். அப்படி வந்தால் வளையங்கள் மாறிவிட்டதாக நினைத்துக் குப்பையில் போடாதீர்கள். உள்ளிழுப்பதைத் தடுக்கும் டைபிரிடமோல் கொடுத்து, வித்தியாசம் சுருங்குகிறதா என்று பாருங்கள்.

13. கணக்கு

தளர்வு சதவீதம், ஃபீனைலெஃப்ரினால் ஏறிய அளவுக்குத்தான். ஓய்வு இழுவிசை 2 கிராம், ஃபீனைலெஃப்ரினுக்குப் பின் 4 கிராம், ட்ரைபாஸ்பேட்டுக்குப் பின் 2.8 கிராம் என்றால் இறங்கியது 1.2, ஏறியிருந்தது 2. தளர்வு 60 சதவீதம். 1.2-ஐ 4-ஆல் வகுத்து 30 சதவீதம் என்று எழுதுவது அடிக்கடி பார்க்கும் தவறு.

பாதி விளைவுக்கான செறிவைச் சராசரி எடுக்கும்போது லாக் மதிப்பில் எடுங்கள். ஒரே எலியின் நான்கு வளையங்கள் நான்கு மாதிரிகள் ஆகாது. எலிகளின் எண்ணிக்கையே மாதிரி எண்ணிக்கை. விலக்கிய வளையங்களையும், எந்தப் படியில் ஏன் விலக்கினீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

14. தொட்டியைக் கழுவுவது

ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து எந்த வளையமும் அசெட்டைல்கோலினுக்குத் தளரவில்லை. என் கை முரடாகிவிட்டது என்று நினைத்து, வெட்டும் முறையையே மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், முந்தைய வாரம் போட்ட ஓடிகியூ தொட்டியிலும் ரப்பர் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொழுப்பில் கரையும் தடுப்பான்கள் வெறும் தண்ணீருக்குப் போகாது. அவற்றைப் பயன்படுத்திய நாளில் 70 சதவீத எத்தனாலை ஊற்றிக் கால்மணி நேரம் வைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரால் நான்கைந்து முறை கழுவுங்கள். முடிந்தால் தடுப்பானுக்கென்று ஒரு தொட்டியையும் ஒரு ஜோடிக் கொக்கியையும் நிரந்தரமாக ஒதுக்கி, அதன்மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.